காஸ்–சைடல் முறையில் சமன்பாடுகளைத் தீர்ப்பது எப்படி: முதல் சுற்றுக்கு முன்பிருந்து விடையைச் சரிபார்ப்பது வரை

நியூமரிக்கல் மெத்தட்ஸ் தாளில் கை நடுங்காமல் செய்யக்கூடிய கணக்கு என்று காஸ்–சைடலைச் சொல்வார்கள். ஒரு தொடக்க மதிப்பிலிருந்து கிளம்பி, சமன்பாடுகளின் விடையைச் சுற்றுச் சுற்றாக நெருங்கும் மறுசெய்கை முறை இது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தவிர இதில் வேறொன்றும் இல்லை. ஆனாலும் புதிதாகப் படிப்பவர்கள் இதில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். கவனித்துப் பார்த்தால், அவர்கள் விழுவது சுற்றுகளுக்கு நடுவே அல்ல. முதல் சுற்று தொடங்கும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள், இல்லையென்றால் கடைசிச் சுற்று முடிந்ததும் விடையைச் சோதிக்காமல் விட்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டு முனைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தெரியாத மூன்று எண்களையும் இங்கே க, ச, ப என்று எழுதுகிறேன். உங்கள் நோட்டில் அவை எக்ஸ், ஒய், இசட் என்றே இருக்கட்டும்.

1. இந்த முறை எங்கே தேவை

மூன்று சமன்பாடுகள் மட்டுமே என்றால் நீக்கல் முறையே போதும். மறுசெய்கை முறைகள் உண்மையில் வேலைக்கு வருவது சமன்பாடுகள் ஆயிரக்கணக்கில் இருந்து, ஒவ்வொன்றிலும் சில கெழுக்களே இருக்கும் இடத்தில்.

ஒரு சதுரத் தகட்டின் மேல் வெப்பநிலை எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் 100, அகலவாக்கில் 100 புள்ளிகள் எடுத்தால் தெரியாதவை 10,000. ஒரு புள்ளியின் சமன்பாட்டில் அந்தப் புள்ளியும் அதன் நான்கு அண்டைப் புள்ளிகளும் மட்டுமே வரும், அதாவது அதிகபட்சம் 5 கெழுக்கள். முழு அணியையும் எழுதினால் 10 கோடி கட்டங்கள். எண்ணுக்கு 8 பைட் என்றால் 800 மெகாபைட். அவற்றில் பூச்சியம் அல்லாதவை 50,000-க்கும் குறைவு.

நீக்கல் முறை அந்தப் பூச்சியங்களில் பலவற்றை நிரப்பிவிடும். மறுசெய்கை முறை அணியைத் தொடுவதே இல்லை, இருக்கிற கெழுக்களை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றுச் சுற்றாக விடையை நெருங்கும். தேர்வில் மூன்று சமன்பாடு கொடுப்பது கை பழகுவதற்காக. இந்தக் காரணம் தெரிந்திருந்தால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் இருக்கிறது என்பது புரியும்.

2. தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டிய மூன்று

முதலாவது, எத்தனை தசம இடத்துக்கு விடை வேண்டும் என்பது. மூன்று இடம் வேண்டுமென்றால் நான்கு அல்லது ஐந்து இடம் வைத்து வேலை செய்யுங்கள். நடுவிலேயே இரண்டு இடத்துக்கு வெட்டிக்கொண்டு போனால், எத்தனை சுற்று ஓட்டினாலும் மூன்றாவது இடம் வராது. சுற்றுகள் ஓரிடத்தில் நின்றுவிடும், விடை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது, நிறுத்தும் அளவு. நடைமுறையில் டாலரன்ஸ் என்று சொல்வது இதைத்தான். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளின் வித்தியாசம் எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்று முன்பே எழுதி வையுங்கள். மூன்று தசம இடத்துக்கு 0.0005 என்று வைப்பது வழக்கம்.

மூன்றாவது, அதிகபட்சச் சுற்றுகள். கையால் செய்தால் 10 போதும், கணினியில் 1,000 அல்லது 10,000. விடை விரிந்துகொண்டே போகும் கணக்கு டாலரன்ஸை ஒருநாளும் எட்டாது. இந்த வரம்பு இல்லாவிட்டால் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும்.

3. சமன்பாடுகளை வரிசைப்படுத்துங்கள்

பலர் நேராகத் தாண்டிப் போகும் படி இது. வினாத்தாளில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

2க + 9ச − ப = 17
க − 2ச + 10ப = 27
8க + ச + 2ப = 16

கொடுத்த வரிசையிலேயே முதல் சமன்பாட்டிலிருந்து க, இரண்டாவதிலிருந்து ச, மூன்றாவதிலிருந்து ப என்று எடுத்து, மூன்றும் பூச்சியம் என்று தொடங்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள்:

சுற்று 1: க = 8.5, ச = −9.25, ப = −21.375
சுற்று 2: க = 39.44, ச = −100.66, ப = −99.42
சுற்று 3: க = 411.74, ச = −304.74, ப = −1486.60

உண்மையான விடை க = 1, ச = 2, ப = 3. கூட்டல் கழித்தலில் எங்கும் தவறில்லை. வரிசை மட்டும்தான் தவறு.

ஒவ்வொரு சமன்பாட்டிலும் பெரிய கெழு எது என்று குறியைப் பார்க்காமல் தேடுங்கள். முதலாவதில் ச-வின் 9, இரண்டாவதில் ப-வின் 10, மூன்றாவதில் க-வின் 8. பெரிய கெழு எந்தத் தெரியாததோடு இருக்கிறதோ அந்தச் சமன்பாட்டை அதற்கே கொடுங்கள்:

8க + ச + 2ப = 16
2க + 9ச − ப = 17
க − 2ச + 10ப = 27

பிறகு சோதனை. மூலைவிட்டத்தில் இருக்கும் கெழு, அதே வரியில் உள்ள மற்றக் கெழுக்களின் கூட்டுத்தொகையை விடப் பெரிதா? இங்கும் குறியை விட்டுவிட்டுக் கூட்டுங்கள். முதல் வரியில் 8, 1 + 2 = 3-ஐ விடப் பெரிது. இரண்டாவதில் 9, 2 + 1 = 3-ஐ விடப் பெரிது. மூன்றாவதில் 10, 1 + 2 = 3-ஐ விடப் பெரிது. மூன்று வரியிலும் மூலைவிட்ட ஆதிக்கம் இருப்பதால் எந்தத் தொடக்க மதிப்பிலிருந்து போனாலும் சுற்றுகள் விடையில் ஒருங்கும்.

காரணம் எளிது. முதல் வரியில் ச, ப இரண்டிலும் இருக்கும் பிழை க-வுக்குள் வரும்போது 8-ஆல் வகுபடுகிறது. உள்ளே வருவது அதிகபட்சம் மூன்று பங்கு, வகுப்பது எட்டு. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பிழை சுருங்கியே ஆக வேண்டும். பழைய வரிசையில் 9 பங்கு பிழையை உள்ளே வாங்கி 2-ஆல் வகுத்தோம், அதனால்தான் விரிந்தது.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் இரண்டு பிசகுகள் உண்டு. வரியை மாற்றும்போது வலப்பக்க எண்ணை அதே இடத்தில் விட்டுவிடுவது ஒன்று. 16, 17, 27 மூன்றும் தத்தம் வரியோடு நகர வேண்டும். எதிர்மறைக் கெழுவைக் குறியோடு கூட்டி ஆதிக்கம் இருக்கிறது என்று முடிவு கட்டுவது இன்னொன்று. 5, −4, 3 என்ற வரியில் −4 + 3 = −1 என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். 4 + 3 = 7 என்பதே சரி, அந்த வரியில் ஆதிக்கம் இல்லை.

4. வரிசை மாற்றியும் ஆதிக்கம் வரவில்லை என்றால்

உடனே கைவிட வேண்டாம். மூலைவிட்ட ஆதிக்கம் இருந்தால் ஒருங்குவது உறுதி. இல்லாவிட்டால் ஒருங்காது என்று அர்த்தம் இல்லை. “நிபந்தனை பொருந்தவில்லை, ஆகவே இந்த முறை செல்லாது” என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் உண்டு.

தெரியாதவை இரண்டே என்றால் நேரடியாகச் சோதிக்கலாம். மூலைவிட்டத்தில் இல்லாத இரண்டு கெழுக்களின் பெருக்கலை மூலைவிட்டக் கெழுக்களின் பெருக்கலால் வகுங்கள். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒன்றுக்குக் கீழே இருந்தால் காஸ்–சைடல் ஒருங்கும். முதல் வரி 2, 3, இரண்டாம் வரி 1, 4 என்றால் முதல் வரியில் ஆதிக்கம் இல்லை. ஆனால் 3 × 1 ஐ 2 × 4 ஆல் வகுத்தால் 3/8, எனவே ஒருங்கும். இந்த விகிதம் ஒன்றுக்கு மேல் போனால் இரண்டு வரிகளையும் இடம் மாற்றுங்கள், விகிதம் தலைகீழாகி ஒன்றுக்குக் கீழே வந்துவிடும்.

மூன்று தெரியாதவை என்றால் ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பாருங்கள். 6க + 5ச − 2ப = 10 என்ற வரியில் 6, 7-ஐ விடச் சிறிது. கூடவே க + 6ச − 2ப = 7 இருந்தால், முதலாவதிலிருந்து இதைக் கழிக்க 5க − ச = 3 கிடைக்கும். இதில் ஆதிக்கம் வந்துவிட்டது. கழித்த வரி பழைய முதல் வரியின் இடத்தில் உட்காரும், இரண்டாவது வரி அப்படியே இருக்கும். இரண்டையும் மாற்றிவிட்டால் ஒரு சமன்பாட்டின் தகவலையே தொலைத்துவிடும் அபாயம் உண்டு.

அணி சமச்சீராகவும் (மூலைவிட்டத்தின் இருபுறமும் ஒரே எண்கள்) நேர்நிச்சயமாகவும் (ஐகன் மதிப்புகள் எல்லாம் நேர் எண்கள்) இருந்தால் ஆதிக்கம் இல்லாமலே காஸ்–சைடல் ஒருங்கும். மூலைவிட்டம் முழுக்க 10, மற்ற இடமெல்லாம் 9 என்ற மூன்று வரி அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 10, 18-ஐ விட எவ்வளவோ சிறிது. காஸ்–சைடல் இதில் ஒருங்கும், மெதுவாகத்தான். அதே அணியில் ஜாக்கோபி முறையை, அதாவது ஒரு சுற்று முழுவதும் பழைய மதிப்புகளையே வைத்துக் கணக்கிடும் முறையை, ஓட்டினால் பிழை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 1.8 மடங்காகிக் குறி மாறிமாறி வெடிக்கும். இரண்டு முறையும் எப்போதும் சேர்ந்தே ஒருங்கும் அல்லது சேர்ந்தே விரியும் என்று எண்ணிவிடக் கூடாது.

5. சூத்திரங்களைத் தனியே எழுதி, குறியைச் சரிபாருங்கள்

ஒவ்வொரு வரியிலிருந்தும் அதற்குரிய தெரியாததைப் பிரித்து எழுதுங்கள்:

க = (16 − ச − 2ப) ÷ 8
ச = (17 − 2க + ப) ÷ 9
ப = (27 − க + 2ச) ÷ 10

இரண்டாவது வரியில் −ப வலப்பக்கம் போகும்போது +ப ஆகிறது, மூன்றாவதில் −2ச, +2ச ஆகிறது. குறித்தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். இது மற்றத் தவறுகளைப் போல அல்ல. நடுச் சுற்றில் ஓர் எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டால்கூட அடுத்த சுற்றுகள் அதைத் திருத்திக்கொள்ளும், ஏனென்றால் தப்பான எண்ணும் இன்னொரு தொடக்க மதிப்புதான். சூத்திரத்தில் குறி மாறியிருந்தாலோ நீங்கள் வேறொரு கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது அழகாக ஒருங்கும், தவறான விடையில்.

கால்குலேட்டரில் தட்டும்போது அடைப்புக்குறியை விடாதீர்கள். 16 − ச − 2ப ÷ 8 என்று தட்டினால் 2ப மட்டும்தான் 8-ஆல் வகுபடும். முதல் சுற்றில் க-வுக்கு 2-க்குப் பதில் 16 வந்தால் காரணம் இதுதான்.

6. தொடக்க மதிப்பு

எல்லாம் பூச்சியம் என்று வைத்துத் தொடங்குங்கள். நேரியல் சமன்பாடுகளில் ஒருங்குவதும் விரிவதும் அணியைப் பொறுத்தது, தொடக்கத்தைப் பொறுத்தது அல்ல. நேரியல் அல்லாத சமன்பாடுகளுக்கான நியூட்டன்–ராப்சன் முறையைப் படித்துவிட்டு இங்கே வருபவர்கள் நல்ல தொடக்கத்தைத் தேடி நேரம் கழிப்பார்கள். அந்தக் கவலை இங்கே வேண்டாம். சற்றே மாறிய கணக்குக்கு முந்தைய விடை கையில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், சில சுற்றுகள் மிச்சமாகும்.

7. சுற்றுகளை ஓட்டுங்கள்

காஸ்–சைடலின் விதி ஒன்றே: புதிய மதிப்பு வந்த கையோடு அதைப் பயன்படுத்து. ச-வைக் கணக்கிடும்போது இதே சுற்றில் வந்த க, ப-வைக் கணக்கிடும்போது இதே சுற்றில் வந்த க-வும் ச-வும்.

முதல் சுற்றை முழுதாகப் பார்ப்போம். ச = 0, ப = 0 என்று போட்டால் க = 16 ÷ 8 = 2. அடுத்து ச-வுக்கு இந்த 2 போகிறது: (17 − 4 + 0) ÷ 9 = 1.4444. ப-வுக்கு இரண்டுமே புதியவை: (27 − 2 + 2.8889) ÷ 10 = 2.7889.

சுற்று 1: க = 2.0000, ச = 1.4444, ப = 2.7889
சுற்று 2: க = 1.1222, ச = 1.9494, ப = 2.9777
சுற்று 3: க = 1.0119, ச = 1.9949, ப = 2.9978
சுற்று 4: க = 1.0012, ச = 1.9995, ப = 2.9998
சுற்று 5: க = 1.0001, ச = 1.9999, ப = 3.0000
சுற்று 6: க = 1.0000, ச = 2.0000, ப = 3.0000

ஜாக்கோபி முறையில் சுற்று முழுவதும் பழைய மதிப்புகளே. அதே கணக்கில் அதன் நான்காவது சுற்று 1.0192, 1.9794, 2.9871 என்று நிற்கிறது. காஸ்–சைடல் நான்காவது சுற்றில் எங்கே இருக்கிறது என்று மேலே பாருங்கள்.

புதியவர்கள் செய்வது இரண்டுக்கும் நடுவே ஒன்று. ச-வுக்குப் புதிய க-வைப் போடுவார்கள், ப-வுக்கு வரும்போது மறந்து பழைய ச-வைப் போட்டுவிடுவார்கள். விடை கடைசியில் வந்துவிடலாம், ஆனால் அட்டவணை எதிர்பார்த்த எண்களோடு பொருந்தாது, திருத்துபவருக்கு எந்த முறை என்றே தெரியாது. இதைத் தடுக்கக் கால்குலேட்டரின் நினைவகத்தைப் பயன்படுத்துங்கள். க-வுக்கு ஏ, ச-வுக்கு பி, ப-வுக்கு சி. கணக்கிட்டவுடன் சேமித்துவிட்டால் பழைய எண் கைக்கே எட்டாது.

கேசியோ 991 இஎஸ் பிளஸ் வைத்திருப்பவர்கள் மூன்று சூத்திரங்களையும் ஒரே வரியில், நடுவே முக்காற்புள்ளி இட்டுத் தட்டலாம். சமக்குறி மட்டும் ஆல்ஃபா விசையோடு வரும் சிவப்புச் சமக்குறியாக இருக்க வேண்டும். கால்க் விசையை அழுத்தினால் தொடக்க மதிப்பைக் கேட்கும். பூச்சியம் கொடுத்து, பிறகு பெரிய சமக்குறியை அழுத்த அழுத்த மூன்று விடைகளும் வரிசையாக வரும். அடுத்த சுற்றுக்கு மதிப்புக் கேட்டால் திரையில் இருப்பதை மாற்றாமல் சமக்குறியை மட்டும் அழுத்துங்கள். நீங்களே வட்டமாக்கிய எண்ணைத் தட்டி உள்ளே அனுப்பாதீர்கள்.

8. எப்போது நிறுத்துவது

மூன்று தெரியாதவற்றிலும் வந்த மாற்றத்தைப் பாருங்கள், மிகப் பெரிய மாற்றம் டாலரன்ஸுக்குக் கீழே போனால் நிறுத்துங்கள். சுற்று 4-லிருந்து 5-க்குப் போகும்போது ப-வின் மாற்றம் 0.0002. க-வின் மாற்றமோ 0.0011. ப-வை மட்டும் பார்த்தால் நிறுத்திவிடுவீர்கள். 0.0005 என்ற அளவுக்கு இன்னொரு சுற்று தேவை.

மாற்றம் சிறிதானால் பிழையும் சிறிதாகிவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது எப்போது உண்மை என்பதையும் பார்த்துவிடுங்கள். அடுத்தடுத்த மாற்றங்களை வகுத்துப் பாருங்கள். நம் கணக்கில் க-வின் மாற்றங்கள் 0.1103, 0.0107, 0.0011. ஒவ்வொன்றும் முந்தையதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இந்த விகிதத்தை, ஒன்றிலிருந்து அதே விகிதத்தைக் கழித்து வருவதால் வகுத்து, கடைசி மாற்றத்தோடு பெருக்கினால் மிச்சமிருக்கும் பிழை தோராயமாகக் கிடைக்கும். இங்கே 0.1 ÷ 0.9, அதாவது கடைசி மாற்றத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. கவலை இல்லை.

விகிதம் 0.99 என்றால்? 0.99 ÷ 0.01 = 99. கடைசி மாற்றம் 0.0005 என்று நிறுத்தினால் உண்மையான பிழை 0.05-க்கு அருகில் இருக்கும். மூன்று தசம இடம் சரி என்று எழுதிய விடையில் ஒரு தசம இடம்கூட நிச்சயமில்லை. பெரிய கணக்குகளில் இந்த 0.99 சாதாரணமாக வருவது, அரிதானது அல்ல.

9. விடையைத் திரும்பச் சமன்பாட்டில் போடுங்கள்

வந்த விடையை நீங்கள் மாற்றி எழுதிய சூத்திரங்களில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. வினாத்தாளில் இருந்த மூலச் சமன்பாடுகளில் போடுங்கள். வலப்பக்க எண்ணிலிருந்து இடப்பக்க மதிப்பைக் கழித்தால் வருவது எச்சம். மூன்று வரியிலும் எச்சம் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பைத்தான் நிரல்மொழியில் நம்பை (NumPy) என்ற கணித நூலகத்தை வைத்து இதே கணக்கை எழுதும்போது தொடக்க மதிப்பை 0, 0, 0 என்று, தசமப் புள்ளி இல்லாமல், ஓர் அணிவரிசையாகக் கொடுத்துவிட்டால் அது முழு எண் வகையாகிவிடும். பிறகு அதில் 1.4444 என்று சேமித்தால் 1 மட்டுமே நிற்கும், பின்னத்தை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெட்டிவிடும். முதல் சுற்றில் 2, 1, 2 வரும். இரண்டாவதில் 1, 1, 2. மூன்றாவதிலும் 1, 1, 2. மாற்றம் முழுப் பூச்சியம், நிரல் ஒருங்கிவிட்டது என்று அறிவித்து நின்றுவிடும்.

எச்சத்தைக் கணக்கிடுங்கள். 16 − (8 + 1 + 4) = 3. 17 − (2 + 9 − 2) = 8. 27 − (1 − 2 + 20) = 8. ஒரே நொடியில் குட்டு வெளிப்பட்டுவிடும். தொடக்கத்தை 0.0 என்று எழுதினால் தீர்ந்தது. மாற்றத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்தத் தவறு தெரியவே தெரியாது. சுற்றுகள் நின்றுவிட்டன என்பதை மட்டுமே மாற்றம் சொல்லும். நின்ற இடம் விடைதானா என்று சொல்வது எச்சம்.

எச்சத்துக்கும் ஓர் எல்லை உண்டு. க + ச = 2, க + 1.0001ச = 2.0001 என்ற இரண்டின் விடை 1, 1. ஆனால் 2, 0 என்று போட்டுப் பாருங்கள்: எச்சங்கள் 0, 0.0001. எச்சம் துளிதான், விடையோ முழு ஒன்று தள்ளி நிற்கிறது. இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் வரும் சிக்கல் இது. இத்தகைய கணக்கு என்று சந்தேகம் வந்தால் வலப்பக்கத்தில் கடைசி இலக்கத்தைச் சற்று மாற்றி மறுபடி தீர்த்துப் பாருங்கள். விடை பெரிதாகத் துள்ளினால் அளவீட்டில் வந்த எண்களை அந்தக் கணக்கில் நம்ப முடியாது.

மூன்று தெரியாதவை என்றால் கால்குலேட்டரின் சமன்பாட்டு முறையிலேயே விடையை ஒத்துப் பார்க்கலாம். கடைசியில் மட்டும் செய்யுங்கள், முறையை மாற்றினால் நீங்கள் தட்டி வைத்த நீண்ட வரி போய்விடும்.

10. நிரலாக எழுதும்போது

காஸ்–சைடலுக்கு ஒரே அணிவரிசை போதும், மதிப்பு வந்த இடத்திலேயே பழையதன் மேல் எழுதலாம். ஜாக்கோபிக்கு இரண்டு வேண்டும். இங்கே பைத்தானில் ஒரு பொறி இருக்கிறது. பழைய அணிவரிசையை வெறும் சமக்குறியால் புதிய பெயருக்குக் கொடுத்தால் நகல் உருவாகாது, ஒரே அணிவரிசைக்கு இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் எப்போதும் பூச்சியம் என்றே வரும், நிரல் முதல் சுற்றிலேயே நின்றுவிடும். நகல் எடுக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

வரிசையில் கூட்டும்போது மூலைவிட்ட உறுப்பைத் தவிர்க்க மறப்பது இன்னொன்று. நிரலை எழுதியவுடன் மேலே உள்ள ஆறு சுற்று அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். இறுதி விடையை மட்டும் ஒத்துப் பார்த்தால் போதாது, முதல் சுற்றின் 2.0000, 1.4444, 2.7889 வந்தால்தான் நீங்கள் எழுதியது காஸ்–சைடல். 2.0000, 1.8889, 2.7000 என்று வந்தால் அது ஜாக்கோபி.

சில இடங்களில் ஜாக்கோபியை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பார்கள். ஒரு சுற்றில் உள்ள கணக்குகள் ஒன்றையொன்று நம்பி நிற்காததால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிராபிக்ஸ் செயலியில் ஓட்டலாம்.

11. சுற்றுகள் நகரவே மாட்டேன் என்றால்

வரிசை சரி, குறி சரி, எச்சம் குறைகிறது, ஆனால் நத்தை வேகம். பெரிய கணக்கில் இது இயல்பு. ஒரு நீளக் கம்பியின் இரு முனைகளின் வெப்பநிலை தெரியும், நடுவே 99 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தன் இரு பக்கத்துப் புள்ளிகளின் சராசரி. ஜாக்கோபியில் முனையின் செய்தி ஒரு சுற்றுக்கு ஒரு புள்ளி மட்டுமே நகரும், ஆகவே நடுப்புள்ளிக்கு முனை ஒன்று இருக்கிறது என்று தெரியவே 50 சுற்று ஆகும். இடமிருந்து வலமாகப் போகும் காஸ்–சைடலில் இடது முனையின் செய்தி ஒரே சுற்றில் கடந்துவிடும், வலது முனையின் செய்தி அப்போதும் ஒவ்வொரு புள்ளியாகத்தான் வரும்.

இந்தக் கம்பிக் கணக்கின் சுருக்க விகிதத்தைச் சூத்திரத்தால் சொல்ல முடியும். ஜாக்கோபிக்கு அது 1.8 பாகையின் கொசைன், 0.9995. ஒரே ஒரு தசம இடம் கூடுதலாகச் சரியாவதற்கு ஏறத்தாழ 4,670 சுற்றுகள். காஸ்–சைடலுக்கு அதில் பாதி, 2,330.

இங்கே கைகொடுப்பது மிகைத் தளர்வு முறை. எஸ்ஓஆர் என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். காஸ்–சைடல் தரும் புதிய மதிப்புக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, ஒரு காரணியால் பெருக்கி, பழையதோடு கூட்டுங்கள். காரணி 1 என்றால் அது வெறும் காஸ்–சைடல். 1-க்கு மேல் என்றால், போகிற திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறோம். 2-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஒருங்காது. கம்பிக் கணக்குக்கு மிகப் பொருத்தமான காரணி 1.939. அதைப் போட்டால் ஒரு தசம இடத்துக்கு 37 சுற்றுகள் என்ற கணக்கு வரும், தொடக்கத்தில் இதைவிடச் சற்றுக் கூடும்.

காரணியைக் கண்டபடி வைத்துவிட்டு முறையைக் குறை சொல்பவர்கள் பலர். 1.5 வைத்தால் பெரிய முன்னேற்றம் தெரியாது, பலன் முழுவதும் அந்தப் பொருத்தமான எண்ணுக்கு அருகில்தான் கிடைக்கிறது. சூத்திரம் தெரியாத அணி என்றால் 1.2, 1.5, 1.8, 1.9 என்று ஒவ்வொன்றுக்கும் இருபது சுற்று ஓட்டி, எச்சம் எதில் வேகமாகக் குறைகிறது என்று பார்த்து, அதைச் சுற்றி இன்னும் நெருக்கமாகத் தேடுங்கள். மேலே செய்த மூன்று சமன்பாட்டுக் கணக்குக்கு இது தேவையே இல்லை, ஆறே சுற்றில் முடிந்துவிட்டது.

அணி சமச்சீராகவும் நேர்நிச்சயமாகவும் இருந்தால் காரணி தேடும் வேலையையும் விட்டுவிட்டு இணைச் சரிவு (கான்ஜுகேட் கிரேடியன்ட்) முறைக்குப் போங்கள். வட்டமாக்கும் பிழை இல்லாத கணக்கில் தெரியாதவை எத்தனையோ அதற்கு மேல் அதற்குச் சுற்றுகள் தேவைப்படாது. பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் அது தயாராக இருக்கிறது, ‘சிஜி’ என்ற பெயரில். அது விடையோடு ஒரு நிலை எண்ணையும் திருப்பித் தரும். அது பூச்சியமாக இல்லாவிட்டால் கேட்ட துல்லியம் வரவில்லை என்று பொருள், அந்த விடையை அடுத்த கணக்குக்கு எடுத்துப் போகாதீர்கள்.